முதலில் இறங்கும் கால்

கல்யாணமாகி செஞ்சிக்கு வந்த புதிதில் ஒரு நாள் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் சமையலில் என் மாமனார்தான் கூடமாட உதவி. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வடிதட்டு நழுவி, கொதிக்கிற கஞ்சி அப்படியே அவருடைய வலது பாதத்தில் கொட்டியது. நான் அலறிவிட்டேன். அவர் காலை இழுக்கவே இல்லை. தரையில் ஓடுகிற கஞ்சியைத்தான் பார்த்தார்.

"இன்னாம்மா, கஞ்சிய வீணாக்கிட்டியே," என்றார்.

நான் தண்ணீர் மொள்ள ஓடினேன். "வலிக்கல, போ" என்று கையை ஆட்டிவிட்டு மிச்ச வெங்காயத்தையும் உரித்து முடித்தார். சாயங்காலம் பாதம் முழுக்கக் கொப்புளம். மறுநாள் காலையில் வழன்ற தோலை பிளேடால் நறுக்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் பனமலைக்காரி. எங்கள் வீட்டு ஆண்கள் நகம் பெயர்ந்தால்கூட வீட்டை இரண்டாக்கிவிடுவார்கள். எப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று பூரித்துப்போய் அன்றே அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

அவருக்கு அரிசி மில்லில் வேலை. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டிக் காயப்போடுவார்கள். அதைக் காலால் கோடு கோடாகத் துழாவிவிட்டுக்கொண்டே நடக்க வேண்டும். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்கு அந்தக் களத்தில் காக்காய்கூட உட்காராது. மற்ற ஆட்கள் எல்லாம் நிழலுக்கு ஒதுங்கிவிட, இவர் மட்டும் வெறுங்காலோடு ஏதோ ஏரிக்கரையில் காற்று வாங்குகிறவர் போல நடந்துகொண்டிருப்பார். மற்றவர்களை அதட்டுவதற்கு முதலாளிக்கு இவர்தான் உதாரணம். சாப்பாட்டுத் தூக்கோடு போகிற நான் கேட் ஓரம் நின்று பெருமையோடு பார்ப்பேன்.

ஒரே ஒரு நாள் வேறொன்றைப் பார்த்தேன். மூட்டைகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, தொடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. என்னைக் கண்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் கண் அசந்துவிட்டதாம். வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு எந்த மனுஷன் தூங்குவான்? கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. தூக்கை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வலி என்று யாராவது வாயைத் திறந்தால் அவருக்கு ஆகாது. முள் குத்திவிட்டது என்று நொண்டிக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால் தெருவே கேட்கும்படி கேலி பேசுவார். செருப்பு பயந்தாங்கொள்ளிகள் போடுவது என்பார். என் மகள் கயல் நடை பழகின காலத்திலிருந்து அவளுக்கு ஒரு விளையாட்டு கற்றுக்கொடுத்தார். விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு பிள்ளை உதட்டைப் பிதுக்கும்போது, இவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்து நீட்டுவார். அழாமல் "வலிக்கல" என்று சொன்னால் கமர்கட்டு அவளுக்கு. அழுதால் அவருக்கு. பிள்ளை கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, சிரித்துக்கொண்டே "வலிக்கல" என்று சொல்லிக் கையை நீட்டும். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன். தாத்தாவும் பேத்தியும் அவ்வளவு அழகாக இருப்பார்கள்.

ஒரு பொங்கலுக்கு என் வீட்டுக்காரர் அவருக்கு நல்ல தோல் செருப்பாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். அது பரணுக்குப் போனது. கொஞ்ச நாளில் எலி தின்றுவிட்டது.

செருப்போடு நிறுத்தியிருக்கலாம் அந்த எலி. ஒரு நாள் காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வருகிறேன், அவர் படுத்திருந்த பாயின் கால்மாட்டில் ரத்தம். இடது கால் சுண்டுவிரலின் நுனியைக் காணோம். அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுப்பிக் காட்டினேன். விரலைத் தூக்கிப் பார்த்தார், ஏதோ அடுத்தவன் விரலைப் பார்ப்பது போல.

"எலிக்கும் பசிக்கும்ல," என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக அந்தக் காலைப் பார்த்துப் பயம் வந்தது. அதற்குப் பிறகு உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஆறாத புண் ஒன்று எப்போதும் இருந்தது. அதில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அப்பி, அதன் மேலேயே நடப்பார். நாற்றம் தெரியக் கூடாதென்று காலையும் மாலையும் சாம்பிராணி. அந்த வீட்டில் சாம்பிராணி வாசனை சாமிக்காக என்று அதுவரை நினைத்திருந்தேன். அதைவிட மோசம், என் வீட்டுக்காரரும் குளித்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கால் துடைப்பது ஏன் என்று அப்போதுதான் யோசித்தேன்.

இனி தீமிதியைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அந்த மனுஷனைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் கோட்டை மலையைப் பார்த்தபடி இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்து, கூத்து நடந்து, கடைசி நாள் துரியோதனன் சாகிற படுகளம் முடிந்ததும் சாயங்காலம் தீ மிதிப்பார்கள். கரகம் எடுத்து முதலில் இறங்குவது என் மாமனார். எத்தனையோ வருஷமாக அவர்தான். மற்றவர்கள் தீக்குழியைத் தாண்டியதும் எதிரே இருக்கும் பால் குழியில் காலை நனைத்துக்கொண்டு மூச்சு விடுவார்கள். இவர் பால் குழியைச் சுற்றிக்கொண்டு போவார். அதுவும் ஓடமாட்டார். நெல் துழாவுகிற அதே நடை. சனங்கள் "கோவிந்தா" என்று கத்துகிற கத்தலில் மலை அதிரும். பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவர் காலில் போடுவார்கள். கயலையும் போட்டிருக்கிறேன். அம்மன் அவர் காலில் இருக்கிறாள் என்று ஊரே சொன்னது, நானும் சொன்னேன்.

அப்புறம் ஒரு வருஷம் அவருக்குக் கால் வீங்கி, காய்ச்சல் வந்து, எலும்பு வரைக்கும் சீழ் போய்விட்டது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்தார்கள். சர்க்கரை வியாதியாக இருக்கும் என்று சோதித்தார்கள், சர்க்கரை இல்லை. தொழுநோயோ என்று தோலைக் கீறிப் பார்த்தார்கள், அதுவும் இல்லை. நரம்பு பார்க்கிற டாக்டரம்மா ஒருவர், சின்ன வயசுதான், கட்டில் பக்கத்தில் நின்றிருந்த என் வீட்டுக்காரரின் பாதத்தை எதேச்சையாகப் பார்த்தார். உட்காரச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி ஒரு ஊசி முனையால் உள்ளங்காலில் தொட்டுத் தொட்டுக் கேட்டார். இவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்பா, பிள்ளை இரண்டு பேர் ரத்தமும் எங்கேயோ போய், முடிவு வர வெகு நாளானது. அந்த டாக்டரம்மா என்னையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நரம்புகள் நன்றாக இருக்க உடம்பு ஒரு வகைக் கொழுப்பைத் தயாரிக்கிறது. ஸ்பிங்கோலிப்பிட் என்று பெயர். அதன் முதல் வேலையைச் செய்வது ஒரு நொதி. செரின் என்கிற பொருளை எடுத்து ஒரு கொழுப்பு அமிலத்தோடு அது சேர்க்க வேண்டும். இந்த நொதியை எப்படிச் செய்வது என்று உடம்புக்குச் சொல்கிற மரபணுவில் எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரே ஒரு எழுத்து மாறிக் கிடக்கிறது. அதனால் அந்த நொதி செரினுக்குப் பதில் அதைப் போலவே இருக்கும் அலனினையும் எடுத்துச் சேர்த்துவிடுகிறது. உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை மாறுவது போலத்தான். அப்படி உண்டாகிற தப்பான கொழுப்பை உடம்பால் உபயோகிக்கவும் முடியாது, ஒழித்துக்கட்டவும் முடியாது. அது சேர்ந்து சேர்ந்து நரம்பைச் சாகடிக்கும். நீளமான நரம்புகள் முதலில் போகும். காலுக்குப் போகிற நரம்புதான் இருப்பதிலேயே நீளம்.

பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். ஆண், பெண் பேதம் கிடையாதாம். நான் கயலை நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் டாக்டரம்மா பேசியது கொஞ்ச நேரம் என் காதில் விழவில்லை.

மாமனார் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப இது குஷ்டம் இல்லியா?"

இல்லைங்க ஐயா, இது ஒட்டுகிற நோயே இல்லை என்றார் டாக்டரம்மா. மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் அதே பதில். "எங்க ஊருக்கு வந்து சொல்லுவீங்களா?" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். என் மாமனார் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். வெட்டிய காலுக்கு அழாத மனுஷன்.

அன்றைக்கு என்னிடம் சொன்னார். அவருடைய நைனாவுக்கும் இதே கால், இதே புண். குஷ்டம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஏரிக்கரை ஓரம் ஒரு குடிசை போட்டு அங்கே வைத்தார்கள். இவர்தான் சோற்றைக் கொண்டுபோய்க் கொஞ்ச தூரத்தில் வைத்துவிட்டு வருவாராம். கிட்டே போகக் கூடாது என்று பெற்ற தாயே சொல்லியனுப்புவாராம். அந்த மனுஷன் செத்தபோது தூக்க நாலு ஆள் வரவில்லை. பிறகு இவர் வாலிபம் ஆனதும் தனக்கும் உள்ளங்கால் மரத்துப்போவது தெரிந்திருக்கிறது. என்ன செய்தார் தெரியுமா? நேராகக் கோயிலுக்குப் போய்க் காப்பு கட்டிக்கொண்டார். முதலில் இறங்கினார். அம்மன் இருக்கிற காலைப் பார்த்து எவன் குஷ்டம் என்று சொல்வான்? அந்த வருஷத்தோடு ஊர் வாயை மூடிக்கொண்டது.

கேட்டபோது பாவம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பாவம் பார்த்தது அடுத்த தீமிதி வரைக்கும்தான் நின்றது.

ஒற்றைக் காலோடு அவரால் கரகம் எடுக்க முடியாது. மகன் எடுக்கட்டும் என்று கோயிலில் சொல்லிவிட்டு வந்தார். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பும் அவர் பின்னாலேயே தீ மிதித்தவர்தான். ஆனால் இப்போது வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். வெறுங்காலோடு வாசல்கூடத் தாண்டக் கூடாது என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லியிருந்தார். இவர் பாதத்திலும் ஒரு புண் அப்போதே இருந்தது. காப்பு கட்டுவதற்கு முந்தின நாள், நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் எதிரே போய் நின்றேன். அந்த வீட்டில் அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"குஷ்டம் இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கல்ல மாமா. இன்னும் யாருக்குக் காட்டணும்?"

"அவங்க சொன்னது உனக்கும் எனக்கும்தான் தெரியும். ஊருக்குத் தீதாம்மா தெரியும்."

"அவுரு காலு போயிடும்."

"போவட்டும். எனக்குக் கால வெட்டிட்டாங்க. இவன் எறங்கலன்னா நாளைக்கு ஊர்க்காரன் இன்னா சொல்லுவான்? தாத்தனுக்கு வந்ததுதான் அப்பனுக்கு, அப்பனுக்கு வந்ததுதான் புள்ளைக்குன்னு சொல்லுவான். அப்புறம் கயல எவன் கட்டுவான்?"

"தெரிஞ்சேவா மாமா, பெத்த புள்ளைய எறக்குறீங்க?"

"தெரிஞ்சிதாம்மா," என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்களாவது சொல்லுங்கள் என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். நைனா பேச்சைத் தட்ட முடியாது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நாற்பது வயசு ஆம்பிளை. மறுநாள் போய்க் காப்பு கட்டிக்கொண்டு வந்தார்.

இறங்கினார். நான் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு "கோவிந்தா" சத்தத்தை மட்டும் கேட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியோடு மாமனாரைத் தூக்கிப்போய் முன் வரிசையில் உட்காரவைத்தார்களாம். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியபடி இருந்தாராம். என் வீட்டுக்காரரும் பால் குழியைச் சுற்றிக்கொண்டுதான் போனாராம். அதைப் பக்கத்து வீட்டுக்காரி வந்து என்னிடம் மெச்சிக்கொண்டாள். ஐப்பசி வருவதற்குள் அவருக்கு இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த மழைக்காலத்தில்தான் மாமனாரும் படுத்த படுக்கையானார். யார் பார்ப்பது? நான்தான் பார்த்தேன். ஒரு பிற்பகலில் மிச்சமிருந்த காலின் தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்த அதே முகம். இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

"எப்பவுமே வலிக்கும்மா," என்றார். "உள்ளுக்குள்ள. மின்னலு வெட்றாப்புல. சின்ன வயசுலேந்து."

சாகிற நரம்பு அப்படித்தான் வெட்டி வெட்டி இழுக்கும் என்று பிறகு டாக்டரம்மாவும் சொன்னார். மரத்துப்போனதும் உண்மை, வலித்ததும் உண்மை. ஊரையே கேலி பேசின மனுஷன் உள்ளே துண்டைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறார். எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை முன்பே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் எங்காவது ஓர் ஆஸ்பத்திரியில் முன்பே பார்த்திருப்பார்களே, என் வீட்டுக்காரருக்கு விரல் இருந்திருக்குமே. ஆனாலும் தொடையைப் பிடித்துவிட்டேன். ரொம்ப நேரம் பிடித்துவிட்டேன். நன்றாகப் பிடித்துவிடுகிறாய் என்றார். அதுதான் அவர் என்னைப் புகழ்ந்த ஒரே புகழ்ச்சி.

சாவுக்கு ஊரே வந்தது. தூக்குவதற்கு ஆள் போட்டி. தீ தொடாத கால் என்று மாலைக்கு மேல் மாலை போட்டார்கள். அவர் நினைத்தது நடந்துவிட்டது. அவரை ஒற்றைக் காலோடு எரித்துவிட்டு வந்தார்கள்.

இப்போது என் வீட்டுக்காரர் தினமும் செரின் மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறார். நல்ல பொருளை நிறையக் கொடுத்தால் அந்த நொதி தப்பானதை எடுப்பது குறையுமாம். போன நரம்பு திரும்பாது, இனிப் போவது மெதுவாகலாம், அவ்வளவுதான் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். வாய் வைத்துப் பார்த்தேன், லேசாக இனிக்கிறது. தீமிதிக்கு வேறு வீட்டு ஆள் கரகம் எடுக்கிறான். எங்களைப் பற்றி ஊர் என்ன பேசுகிறதோ, நான் காது கொடுப்பதில்லை.

கயலுக்குப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கெஞ்சினேன். டாக்டரம்மா மறுத்துவிட்டார். பதினெட்டு வயசு ஆகட்டும், தெரிந்துகொள்ள வேண்டுமா வேண்டாமா என்று அவளே முடிவு பண்ணட்டும், அதுவரை பாதத்தில் புண் கிண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அது போதவில்லை. சாயங்காலம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, துடைப்பத்து ஈர்க்கு ஒன்றை ஒடித்து அந்த முனையால் உள்ளங்காலில் தொட்டுப் பார்ப்பேன். கூச்சத்தில் நெளிவாள், சிரிப்பாள், "குத்துதும்மா, வுடும்மா" என்று காலை இழுத்துக்கொள்வாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

அவள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். எல்லாம் தெரிந்த பெண். அவளிடம் எதையும் நான் மறைக்கவில்லை.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஷூவைக் கழற்றினாள். வெள்ளை சாக்ஸில் ரத்தம். ஷூவைக் கவிழ்த்தேன். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கூரான ஜல்லிக்கல் விழுந்தது. எப்போது உள்ளே போனது என்று கேட்டேன். காலையில் பஸ் ஸ்டாண்டில் போயிருக்கும் என்றாள். காலையிலிருந்து அதன் மேலேயே நடந்தாயா என்றேன். பரீட்சை அவசரத்தில் கழற்ற நேரமில்லை என்றாள். வலிக்கவில்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கழுவிவிட்டு மருந்து போட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துடைப்பத்தை எடுத்துவந்து ஈர்க்கை ஒடித்தேன். அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, நான் சொல்லாமலேயே கண்ணை மூடிக்கொண்டாள். அடிபடாத அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். பாதம் சில்லென்று இருந்தது. எந்த இடத்தில் தொடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்ஸ்," என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு காலை இழுத்தாள் கயல். "வலிக்குதும்மா. நல்லா வலிக்குதும்மா."

நான் இன்னும் ஈர்க்கை வைக்கவே இல்லை.